டிரெய்லருக்குத் தனி பிரேக்

வாலிபர் முகாமுக்கு முந்தைய நாள் ஆலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் டிரெய்லர்கள் வந்துவிடும். கூடாரம், ஒலிபெருக்கி, அரிசி மூட்டை, பிரியாணி அண்டா எல்லாம் அதில் ஏறும். இந்த முறை இழுத்துப்போகிறவர்களில் சிலர் இப்போதுதான் முழு லைசென்ஸ் எடுத்த தம்பி தங்கைகள். சிட்னியிலிருந்து தெற்கே போனால் வலங்காங்குக்கு இறங்கும் மவுண்ட் ஊஸ்லி சரிவு இருக்கிறது. ஆகவே புறப்படுமுன் இதை வாசியுங்கள்.

ஆஸ்திரேலியாவில், சரக்கோடு டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும்; கொக்கி கழன்று ஓடினாலும் தானே பிடிக்கும் ஏற்பாடும் கட்டாயம். மின்சார பிரேக்கில் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கும். அதற்கு எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்று காரிலிருந்து தீர்மானிப்பதுதான் கன்ட்ரோலர்.

இதில் இரண்டு வகை. பழைய வகைக்கு நீங்கள் பிரேக்கை மெதுவாக மிதித்தீர்களா, பதறி மிதித்தீர்களா என்பது தெரியாது. பிரேக் விளக்கு எரிந்ததும், முன்பே வைத்த அளவுக்கு ஏற்றிக்கொண்டே போகும். மற்றது, கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதை உணர்ந்து அதே அளவில் டிரெய்லரையும் பிடிக்கும். விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்கச் சொல்வேன். அடிலெய்டில் தயாராகும் ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட் இந்த வகை. அதில் பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னே மறைந்துவிடும், ஒரு குமிழ் மட்டுமே வெளியே தெரியும். அவசரப் பிரிவில் முழங்கால் காயங்களைப் பார்க்கிறவளுக்கு, ஓட்டுநரின் முழங்காலுக்கு நேரே திருகி வைக்கும் பெட்டிகள் பிடிப்பதில்லை.

வாங்கினால் மட்டும் போதாது, அளவு வைக்க வேண்டும். நோயாளியின் எடை பார்த்து மருந்து கொடுப்பதுபோலத்தான். சரக்கு ஏற்றியபின், ஆளில்லாத சமமான தெருவில் மெதுவாக ஓட்டிக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயத் தொடங்கினால் சற்றுக் குறையுங்கள். அளவு குறைந்தால் டிரெய்லர் காரைப் பின்னாலிருந்து தள்ளும். முகாம் முடிந்து வெறுமையாகத் திரும்பும்போது மறுபடியும் குறைக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

அந்தக் குமிழுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிரெய்லர் வாலாட்டத் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, குமிழை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் மட்டும் பிடிபட்டு நேராகும். அதனால் குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். சூடேறிய டிரம் சரியாகப் பிடிக்காது.

சனிக்கிழமை காலை கொக்கி மாட்டியதும் ஒருவர் காரில் இருந்து குமிழை அழுத்தட்டும். இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து கேட்கட்டும். மெல்லிய ரீங்காரம் கேட்டால் மின்சாரம் போகிறது. கேட்காவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றித் துடையுங்கள், களிம்பு பிடித்திருக்கும். அதன்பிறகு போதகரை ஜெபிக்கக் கூப்பிடலாம்.