வெற்றிலையில் புள்ளியா? வாங்கும்போதே கவனியுங்கள்!

மழைக்காலத்தில் வாங்கிய வெற்றிலைக் கட்டு மறுநாளே அழுகினால் நட்டம் கடைக்காரருக்குத்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலையானாலும் பிரித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

நீர் கோத்தாற்போல் தோன்றி, கருத்து, வட்டமாக விரிவது பைட்டோப்தோரா அழுகல். நரம்புகளுக்கிடையே கோணலாக, மஞ்சள் விளிம்புடன் இருப்பது பாக்டீரியா புள்ளி.

கொடிக்காலில் நீர் தேங்கினால் அழுகல் பெருகும். வடிகால் அமைப்பதும், நோயுற்ற கொடி, இலைகளை அகற்றி எரிப்பதும், இலை பறித்தபின் போர்டோ கலவை தெளிப்பதும் விவசாயியின் வேலை.

நம் வேலை என்ன? புள்ளி இலைகளை அன்றாடம் கழித்து, நல்லதைத் தனியே ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். மருந்து தெளித்த தேதியையும் கேளுங்கள். தெளித்தவுடன் பறித்த இலை வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் அதைச் சமைப்பதில்லை, பச்சையாகவே மெல்லுகிறார்!