குட்டை மட்டும் போதாது

கேமரன் மலைக்குப் போகும் நாம், தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம். மலாயாப் பறக்கும் தவளையோ இருட்டிய பிறகுதான் சுறுசுறுப்பாகும். நம் மலைக்காடுகளில் வாழும் இந்த மரத்தவளையை 1924ஆம் ஆண்டு மால்கம் ஸ்மித் என்ற ஆய்வாளர் அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

பச்சை உடல், பின்னங்கால் விரல்களுக்கு இடையே சிவப்புச் சவ்வு. அதை விரித்து மரத்திலிருந்து சறுக்கி இறங்குமே தவிர, பறவையைப் போல் பறக்காது.

முட்டையிடும்போது பெண் தவளை, தன் உடலில் சுரக்கும் திரவத்தைக் காலால் அடித்து, தே தாரேக் போல நுரைக்க வைக்கிறது. அந்த நுரைக்கூடு முட்டைகளை உலராமல் காக்கிறது. பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள குட்டையில் விழுந்து வளர்கின்றன.

ஆகவே, குட்டை மட்டும் இருந்தால் போதாது. அதன்மேல் நீளும் கிளையும் வேண்டும். மரத்தை வெட்டிவிட்டால், குட்டை நிறைய நீர் இருந்தும் அது கூடு கட்ட இடமேது?