தில்லியில் வளரும் இணையக் காவல் தொழில்

2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் செயலிழந்தன. கோப்புகளைப் பூட்டிவிடும் ரேன்சம்வேர் வகைத் தாக்குதல் அது. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை பல பணிகள் காகிதத்துக்குத் திரும்பின. ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்றும், கணினி வலையமைப்பு முறையாகப் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்றும் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. எளிதாகச் சொன்னால், அது வாசற்கதவு மட்டும் உள்ள வீடு, உள்ளறைகளுக்குக் கதவில்லை.

தில்லி, நொய்டா, குருகிராம் வட்டாரத்தில் இணையப் பாதுகாப்புச் சேவைக்கான சந்தை விரிவதற்கு இத்தகைய அதிர்ச்சிகள் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் சட்டமே எனக் கருதுகிறோம். 2004 முதல் தலைநகரில் இயங்கும் செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு, 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்; கணினிச் செயற்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். நள்ளிரவில் தெரியவந்தாலும் விடிவதற்குள் அறிக்கை எழுத வல்லவர் வேண்டும் அல்லவா? அத்தகையோர் இல்லாத நிறுவனங்கள் வெளியாரை நாடுகின்றன. இருபத்துநான்கு மணி நேரக் கண்காணிப்பு மையங்களும் தணிக்கை நிறுவனங்களும் இவ்வாறே வேலை பெறுகின்றன.

இடர்ப்பாடு சிறு தொழில்களிடம் தொடங்குகிறது. அவற்றுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது, விதி தளர்த்தப்படவில்லை. ஓக்லா தொழிற்பேட்டையில் பத்துப் பேர் பணிபுரியும் பட்டறையில் பெரும்பாலும் கணக்கரே கணினிக்கும் பொறுப்பாளர். சந்தையில் கிடைக்கும் சேவைகளோ அமைச்சகங்களையும் பெருநிறுவனங்களையும் எண்ணி விலையிடப்பட்டவை. பயிற்சி பெற்ற இளைஞர்களும் கூடுதல் ஊதியம் தரும் அவ்விடங்களுக்கே செல்கின்றனர். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காப்பு இல்லாமையால் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சிறியவர்களை மட்டும் இச்சந்தை எட்டாதிருப்பது பெரியவர்களுக்கும் தீங்கே. 2024 ஜூலையில் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் ஒன்று தாக்கப்பட்டபோது, அதைச் சார்ந்திருந்த ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது.

பூட்டை உடைக்காமலே நிகழும் திருட்டும் உண்டு. சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2024இல் இழந்ததாகப் பதிவான தொகை 22,845 கோடி ரூபாய். 'டிஜிட்டல் கைது' என மிரட்டுவோர் எந்த சர்வரையும் தகர்ப்பதில்லை. அச்சத்தைக் கொண்டே பணத்தைப் பெறுகின்றனர். இதைத் தடுக்கும் மென்பொருளை யாரும் விற்பதாக நாம் அறியோம்.

சிறு வணிகருக்கு வரும் மிரட்டலற்ற வடிவம் இது: வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் பெயரில் ஒரு மின்னஞ்சல், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று. அதிலுள்ள எண்ணை விடுத்து, பழைய ரசீதில் உள்ள எண்ணை அழைத்துக் கேட்பதற்குச் செலவில்லை. பணம் போய்விட்டதெனில் வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். அத்தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிச் செல்லுமுன், முதல் சில மணி நேரத்தில்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.