நம் கடலுக்கு எந்த வெட்சூட்? குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

எஸ்.பி.எம். முடிந்ததும் தியோமானுக்கோ பெர்ஹெந்தியானுக்கோ போய் முக்குளிப்புப் பயிற்சி எடுக்கணும் என்று கனவு காணும் மாணவர்கள் உண்டு. அவர்களோடு கிளம்பத் தயாராக இருக்கும் ஆசிரியர்களும் உண்டு. பதிவு செய்வதற்கு முன்பே வரும் கேள்வி இதுதான்: “சார், வெட்சூட் வாங்கணுமா? ரொம்ப விலையா?”

(‘முக்குளிப்பு’ ஏதோ புதுச்சொல் என்று நினைக்க வேண்டாம். ‘குளி’ என்பதற்கு மூழ்குதல் என்ற பொருளும் உண்டு; முத்துக்குளித்தல் என்று சொல்வது அதனால்தான்.)

நம் கடல்நீர் 28, 29 டிகிரி செல்சியஸ், வெதுவெதுப்புத்தானே, உடை எதற்கு என்று கேட்பீர்கள். நம் உடலின் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி. காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல்சூட்டைக் கடத்திவிடும். முதல் முறை இறங்கும்போது ஒன்றும் தெரியாது. அன்றைக்கே மூன்றாம் முறை இறங்கினால் பல் தந்தியடிக்கும். குளிரில் நடுங்குபவருக்குக் கலனில் உள்ள காற்று சீக்கிரம் தீரும். பயிற்றுநர் காட்டும் சைகையிலும் கவனம் நிற்காது. ஆகவே, இது படம் எடுப்பதற்காகப் போடும் உடை அல்ல.

வெட்சூட் உங்களை நனையாமல் காக்காது. நீர் உள்ளே வரத்தான் செய்யும். உடைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலமாக அது தங்கும். உடல் அதைச் சூடாக்கிவிடும். உடை நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அதற்குள் கண்ணுக்கே தெரியாத எண்ணற்ற வாயுக் குமிழ்கள் உள்ளன. சூடு வெளியேறாமல் தடுப்பவை அவைதாம். 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைத்தான் கண்டுகொண்டார்: உடலை உலர்வாக வைக்கத் தேவையில்லை, உடைக்குள் வாயு அடைபட்டிருந்தால் போதும்.

நான்காம் படிவ இயற்பியல் மாணவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் அது 2. 30 மீட்டரில் 4. பாயில் விதிப்படி, வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தம் நான்கு மடங்கானால் வாயுவின் கன அளவு நாலில் ஒன்றாகும். ரப்பர் சற்று எதிர்த்து நிற்பதால் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும், ஆழம் போகப் போக உடை மெலிவது உண்மை. சூட்டைக் காக்கும் திறனும் மிதப்பும் சேர்ந்தே குறையும். பாயில் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லாரும் சைக்கிள் பம்பையே எழுதுகிறார்கள். நீங்கள் இதை எழுதிப் பாருங்கள்.

அப்படியென்றால் தடிமனாகவே வாங்கிவிடலாமா? வேண்டாம். தடிமன் கூடினால் மிதப்பும் கூடும். மூழ்குவதற்கு இடுப்பில் ஈயக்கட்டி அதிகம் கட்டணும். படகில் உட்கார்ந்திருக்கும்போதே வெந்துபோவீர்கள். நம் தீவுகளுக்கு 3 மில்லிமீட்டர் உடை தாராளம். 3/2 என்று போட்டிருந்தால் உடல்பகுதி 3, கைகால் 2 மில்லிமீட்டர் என்று பொருள். 7 மில்லிமீட்டர் குளிர்நாட்டுக் கடலுக்கு உரியது. அரைக்கை, அரைக்கால் வகை விலை குறைவுதான். ஆனால் பவளம் கீறினாலும் ஜெல்லிமீன் கொட்டினாலும் வெளியே தெரியும் தோலுக்கு அது என்ன செய்யும்? முழு நீள உடையே என் பரிந்துரை.

உங்கள் காசு பொருத்தத்துக்குப் போகட்டும். உடை தொளதொளவென்று இருந்தால், நீங்கள் அசையும்போதெல்லாம் சூடான நீர் வெளியேறிக் குளிர்ந்த நீர் உள்ளே புகும். உடலும் ஓயாமல் புதுத் தண்ணீரையே சூடாக்கிக்கொண்டிருக்கும். தொளதொள 5 மில்லிமீட்டரைவிடக் கச்சிதமான 3 மில்லிமீட்டர் எவ்வளவோ மேல். பிரபலப் பெயர் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். நடுமுதுகு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் இடைவெளி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள், குந்தி எழுங்கள். பிறகு ஆழமாக மூச்சை இழுங்கள். நெஞ்சை அழுத்தி மூச்சு திணறினால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது வேண்டாம். கரையில் சற்று இறுக்கமாகத் தோன்றுவது சரி. நீரில் கொஞ்சம் தளரும். பெண்களுக்கென்று தனி அளவில் தைத்த உடைகள் இருக்கின்றன, அவற்றையே கேளுங்கள்.

பயன்படுத்திய உடையா? முழங்காலையும் பின்பக்கத்தையும் பெருவிரலால் அழுத்துங்கள். பள்ளம் உடனே நிமிரவில்லை என்றால் குமிழ்கள் செத்துவிட்டன. மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். ஜிப்பை மூன்று, நான்கு தடவை இழுத்துப் பாருங்கள்.

இன்னும் வளரும் வயதில் இருக்கும் மாணவர்கள் வாங்கவே வேண்டாம், வாடகை போதும். மற்றவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். உடை 300 ரிங்கிட், ஒரு நாள் வாடகை 20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 15 நாள் முக்குளித்த பிறகுதான் போட்ட காசு திரும்பும். ஆண்டுக்கு மூன்று நாள் மட்டும் போகிறவருக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். பயிற்சிக் கட்டணத்திலேயே உடை வாடகை சேர்ந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வாங்கிவிட்டால், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயப்போடுங்கள். வெயில் ரப்பரை வெடிக்கவைக்கும். அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கார் பூட்டில் ஈரத்தோடு சுருட்டிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அந்த வாடை போகவே போகாது.