பேட் வெச்சிருக்கிறவன் அவுட் ஆக மாட்டான்!

நல்லம்பள்ளி பக்கம் கிரிக்கெட் ஆடுற யாரையாவது நிறுத்தி, 'உங்க கிரவுண்டு எது பாஸ்?'னு கேட்டுப் பாருங்க. ஏரி வத்தினா ஏரி. ராகி அறுப்பு முடிஞ்சா யாரோ ஒருத்தரோட காடு. லீவு விட்டா ஸ்கூல் மைதானம், அதுவும் வாட்ச்மேன் நல்ல மூடுல இருந்தா. சந்தை கூடாத நாள்ல சந்தைத் திடல். ஆளாளுக்குக் காசு போட்டு வாங்கின பால் நம்மளோடது. நிலம் மட்டும் எப்பவுமே வேற யாரோடதோ!

பேட் விஷயம் இன்னும் மோசம். டீம்ல ஒருத்தன்கிட்டதான் உருப்படியான பேட் இருக்கும். அவன்தான் ஓப்பனிங். அவன் எல்.பி.டபிள்யூ ஆகவே மாட்டான். ஆனான்னு சொன்னா பேட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவான்.

சிரிக்காதீங்க. கிரிக்கெட்டோட எழுத்து வடிவ விதிகளே கிட்டத்தட்ட இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் குட்வுட் என்று ஒரு பிரம்மாண்டமான எஸ்டேட். ரிச்மண்ட் டியூக் பரம்பரையின் சொத்து. 1802-லிருந்து அங்கே குதிரைப் பந்தயம் நடக்கிறது. அதற்கும் முன்னாடி, 1727-ல், அந்த டியூக்கும் பிராட்ரிக் என்ற இன்னொரு பெரிய மனுஷரும் தங்கள் டீம்களை மோதவிடுவதற்காக ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரிக்கெட் விதித்தாள் அதுதான். அதில் ஒரு விதி: ஆட்டத்தைப் பற்றி எந்த ஆட்டக்காரராவது அபிப்பிராயம் சொன்னால் அவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். இந்த விதி டியூக்குக்கும் பிராட்ரிக்குக்கும் மட்டும் பொருந்தாது!

அதாவது, பேட் வெச்சிருக்கிறவன் பேசலாம். மத்தவன் பேசினா அவுட்!

பெரிய இடத்துத் தோட்டத்தில் பிறந்த ஆட்டம், கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தபோதும் இந்த குணம் போகலை. மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆரம்பித்தது 1846-ல். 1865 வாக்கில் சேப்பாக்கத்தில் அதற்கு மைதானம் வந்துவிட்டது. ஆனா வெள்ளைக்காரங்களுக்கு மட்டும். பெவிலியன், நாற்காலி, சாப்பாடு எல்லாம் துரைகளுக்கு. ஆட வர்ற இந்தியர்களுக்கு மரத்தடி. வெயிலில் சேர்ந்து ஆடலாம், லஞ்ச் டயத்தில் மட்டும் தனித்தனி.

இருபது வயசு பணக்காரர்

இந்த மரத்தடி ஏற்பாட்டைப் பார்த்து ஒருத்தருக்கு ரோஷம் வந்தது. பேர், மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. அந்தப் பேரில் தேடினால் ஆளைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகும். ஊருக்கெல்லாம் அவர் புச்சி பாபு. 1868-ல் பிறந்தவர். குடும்பம், பாரி கம்பெனியின் துபாஷ் குடும்பம். துபாஷ்னா ரெண்டு பாஷை தெரிஞ்ச இடைத்தரகர். வெள்ளைக்கார கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவில் நின்னு பேசி முடிக்கிறவர். அந்த வேலையில் அந்தக் காலத்தில் புரண்ட பணத்தில்தான் சென்னையில் பல தோட்ட பங்களாக்கள் எழும்பின. மயிலாப்பூரில் இவர்கள் இருந்த லஸ் ஹவுஸ் அப்படிப்பட்ட ஒன்று. இன்னைக்கு லஸ் கார்னரில் சிக்னலுக்காக நிற்கிறப்போ நம்பறது கஷ்டம்தான். ஆனா அந்தப் பகுதி அப்போது மரமும் தோப்புமாக, ஊருக்கு வெளியே இருந்த மாதிரிதான். குதிரைச் சவாரி, டென்னிஸ், கிரிக்கெட் எல்லாம் காம்பவுண்டுக்குள்ளேயே!

புச்சி பாபுவை வளர்த்தது தாத்தா. சின்ன வயசில் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் ஆயாக்கள். அவர்கள் கூட்டிக்கொண்டு போன இடத்தில்தான் பையன் சேப்பாக்கம் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான். ஆட்டம் பிடித்தது. அங்கே நடந்தது பிடிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பணக்காரப் பையன் என்ன செய்வான்? தன்னோட தோட்டத்தில் தனக்கே ஒரு டீம் வெச்சு, தானே கேப்டனாகி, வாழ்நாள் பூரா நாட் அவுட்டா இருந்திருக்கலாம். புச்சி பாபு செஞ்சது வேற. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் ஆரம்பித்தார், கோட்டைக்குப் பக்கத்தில் எஸ்பிளனேடில். இந்தியர்கள் சேர்ந்து ஆட ஒரு கிளப், ஒரு இடம். பேட், பேடு, பந்து என்று தன் செலவில் வாங்கிக்கொடுத்து பசங்களைத் தேத்தினார். அவருக்கு அப்போ இருபது வயசு. செகண்ட் இயர், தேர்ட் இயர் படிக்கிற வயசு பாஸ்!

டீமைத் தேத்தியதோடு விடவில்லை, வெள்ளைக்காரங்களோடு சரிக்குச் சமமாக மோத விடணும்னு நினைத்தார். இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடுவே பிரசிடென்சி மேட்ச் என்ற யோசனை அவர் காலத்தில் உருவானது. 1908 கடைசியில் முதல் மேட்ச்சுக்கு ஏற்பாடானது. ஆனா அதைப் பார்க்க அவர் இல்லை. மேட்ச்சுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, நாற்பது வயசில், போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மேட்ச் 1915-16 சீசனிலிருந்து பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தின் திருவிழாவாகவே ஆகி, 1952 வரைக்கும் நடந்தது. அவர் பேரில் ஒரு டோர்னமென்ட் 1909-லேயே ஆரம்பமாகிவிட்டது. புச்சி பாபு கோப்பை. ரஞ்சி டிராபிக்கு இருபத்தஞ்சு வருஷம் சீனியர்!

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. யுனைடெட் கிளப் எல்லாருக்கும் திறந்த கதவு இல்லை. கிளப் பக்கம் வர முடிந்ததும், வெள்ளை டிரஸ்ஸும் ஓய்வு நேரமும் இருந்ததும் படித்த, வசதியான குடும்பத்துப் பசங்களுக்குத்தான். வெள்ளைக்காரன் போட்ட வேலியைத் தாண்டினார்கள், நம்ம ஊருக்குள்ளேயே இருந்த வேலிகள் அப்படியேதான் இருந்தன. அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையைப் பக்கத்து ஊர்க்காரங்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தது பெரிய விஷயம்தான். ஆனா கனி இருந்தது ஒண்ணே ஒண்ணு!

ஒரே டீமில் மூணு பேர்

லஸ் ஹவுஸ் பசங்களில் ரொம்ப தூரம் போனவர் ராமசாமி. புச்சி பாபுவின் மகன்தான், ஆனா தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துப் போனதால் இனிஷியல் மாறி, கோட்டா ராமசாமி ஆனார். இடது கை ஆட்டக்காரர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது டென்னிஸில் கலக்கி, 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். ருமேனியாவை ஜெயித்த அணியில் அவரும் உண்டு. திரும்பி வந்து விவசாயத் துறையில் அரசாங்க வேலை. டென்னிஸில் நாட்டுக்கு ஆடின மனுஷன், 1936-ல் நாற்பது வயசில், கிரிக்கெட் டீமோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அந்த 1936 டீம் இருக்கே, அது தனி சினிமா! அதன் கேப்டன் 'விஸ்ஸி'. விஜயநகரம் மகாராஜ்குமார். காசியில் தன் அரண்மனை வளாகத்திலேயே கிரிக்கெட் மைதானம் போட்டவர். 1930-31-ல் இங்கிலாந்து டீமின் இந்தியப் பயணம் ரத்தானபோது, ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிஃப் ரெண்டு பேரையும் வரவழைத்து, சொந்த டீம் கட்டி ஊர் ஊராக ஆடினவர். செலவழித்த விதத்தில் குறை சொல்ல முடியாது. ஆட்டம்தான் வரலை. மூணு டெஸ்ட்டில் மொத்தம் 33 ரன். ஆனாலும் கேப்டன் அவர்தான், ஏன்னா பேட் அவரோடது!

டீமின் முக்கிய ஆட்டக்காரரான லாலா அமர்நாத்தை, ஒழுங்கீனம் என்று சொல்லி, முதல் டெஸ்ட்டுக்கு முன்னாடியே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எதிர் டீம் கேப்டனுக்குத் தங்க வாட்ச் பரிசு கொடுத்து, அடிக்கத் தோதாக ரெண்டு பந்து வாங்கினார் விஸ்ஸி என்றுகூட ஒரு கதை உலவுகிறது. சீரிஸ் 2-0 என்று போனது. டூர் நடக்கும்போதே அவருக்கு 'சர்' பட்டம் வந்தது! நாலு வருஷம் முன்னாடி, 1932-ல், போர்பந்தர் மகாராஜா இதே மாதிரி கேப்டனாகப் போய், தனக்கு ஆட்டம் போதாது என்று புரிந்து, டெஸ்ட்டில் சி.கே.நாயுடுவிடம் தலைமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். ராஜாக்களிலும் ரகம் உண்டு.

இந்தக் கூத்துக்கு நடுவே மான்செஸ்டரில் ரெண்டாவது டெஸ்ட். ரெண்டாவது இன்னிங்ஸில் விஜய் மெர்ச்சன்ட் 114, முஷ்டாக் அலி 112, முதல் விக்கெட்டுக்கு 203. இந்த ஸ்கோர் எல்லா கிரிக்கெட் புஸ்தகத்திலும் இருக்கும். அதே மேட்ச்சில் நாற்பது வயசில் அறிமுகமான நம்ம ராமசாமி 40, 60 அடித்தது அவ்வளவாக யார் கண்ணிலும் படாது. அடுத்து ஓவலில் 29, அவுட் ஆகாமல் 41. ரெண்டு டெஸ்ட்டோடு சரி. சராசரி 56.66. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்க.

மூணாவது ஆள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சவர். எம்.ஜே.கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். தோட்டமும் கிடையாது, தாத்தா சொத்தும் கிடையாது. திருவல்லிக்கேணியில் பந்து போட்டுக்கொண்டிருந்தவரைக் கண்ணில் பட்டதும் பிடித்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்கார ஆட்டக்காரர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சி டிராபியின் முதல் பந்தைப் போட்டது கோபாலன்தான். ஹாக்கியிலும் சூரர்; 1935-ல் தயான் சந்தோடு நியூசிலாந்துக்குப் போய் ஆடினவர். 1936-ல் அவர் முன்னாடி ரெண்டு வழி: பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இல்லேன்னா இங்கிலாந்து கிரிக்கெட். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி டீம் தங்கத்தோடு வந்தது. கோபாலனுக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்டும் கிடைக்கவில்லை. விஸ்ஸிக்கு மூணு டெஸ்ட் கிடைத்தது!

தோட்டம் போச்சு, கோப்பை இருக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேகமாக மாறியது. 1948-ல் மெட்ராஸ் மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1971-ல் ராஜாக்களுக்கான மானியமும் முடிந்தது. சென்னையின் தோட்ட பங்களாக்கள் பிளாட் போடப்பட்டு அடுக்குமாடிகள் ஆயின. ராஜாக்கள் இருந்த இடத்தில் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன. கோபாலனுக்கு பர்மா ஷெல் செய்ததை அப்புறம் பேங்குகளும் சிமென்ட் கம்பெனிகளும் செய்தன. சென்னை லீக்கில் கம்பெனி டீம்கள் ஆடிய கதை இதுதான். 'நல்லா ஆடினா வேலை' என்ற ஒரு வரி, எத்தனையோ நடுத்தர வீட்டு அப்பாக்களைச் சமாதானப்படுத்தியது.

ராமசாமி மட்டும் பழைய காலத்தின் சாட்சியாக நெடுநாள் இருந்தார். சுயசரிதைகூட எழுதினார். 1985 அக்டோபரில், 89 வயசில், அடையாறு வீட்டிலிருந்து கிளம்பிப் போனார். திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு டெஸ்ட் ஆட்டக்காரருக்கு இறந்த தேதி எழுத முடியாமல் ரெக்கார்டு புஸ்தகங்களே திண்டாடின.

இப்போ நம்ம பக்கம் வருவோம். தொப்பூர் கணவாயைத் தாண்டி சேலம் மாவட்டம், சின்னப்பம்பட்டி. தறி வேலை செய்த அப்பா, ரோட்டோரம் கடை போட்ட அம்மா, இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட். டி.நடராஜன் கதை உங்களுக்கு அத்துப்படி. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். கையில் காசு வந்ததும் அவர் சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் போட்டார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். இதுவும் ஒரு தனி மனுஷர் போட்ட கிரவுண்டுதான். ஆனா போட்டவர் ராகி காட்டிலும் ஏரியிலும் ஆடின நம்ம ஜாதி கிரிக்கெட்டர். அவருக்கு எல்.பி.டபிள்யூ உண்டு. அதனாலதான் இதை நான் விஸ்ஸியோட காசி மைதானத்துக்குப் பக்கத்தில் வைக்கமாட்டேன், லஸ் ஹவுஸுக்கு ஒரு படி மேலேகூட வைப்பேன்.

அதே சேலம் மாவட்டத்தில் வாழப்பாடி பக்கம் காட்டுவேப்பிலைப்பட்டியில் இன்னொரு பெரிய மைதானமும் 2020-ல் வந்துவிட்டது. திறந்துவைத்தவர் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி; விழாவுக்கு ராகுல் திராவிட்டும் வந்திருந்தார்.

புச்சி பாபு கோப்பை? 2017-க்குப் பிறகு சில வருஷம் நின்றுபோய், 2023-ல் மறுபடி உயிர் பெற்றது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மேட்ச்சுகள் சென்னையில் அடைந்து கிடக்கவில்லை. கோயமுத்தூர், திருநெல்வேலி, நத்தம், சேலம் என்று இறங்கி வந்தன. 2024-ல் இஷான் கிஷன் திருநெல்வேலியில் செஞ்சுரி போட்டார், சூர்யகுமார் யாதவும் ஷ்ரேயாஸ் ஐயரும் கோவையில் ஆடினார்கள், கோப்பை ஐதராபாத்துக்குப் போனது.

ரெட் பால், வெள்ளை டிரஸ், நாள் கணக்கில் நடக்கிற மேட்ச். அடுத்த தடவை சேலத்துக்கு வந்தால் நல்லம்பள்ளியிலிருந்து ஒரே பஸ். என்ன ஒண்ணு, ஆகஸ்ட், செப்டம்பர் சமயம், காலேஜ் திறந்திருக்கும். அட்டெண்டன்ஸை நீங்களே பார்த்துக்கோங்க.