மடிக்கணினித் திரை கறுத்துக் கிடந்தால்: மீஞ்சூர், பழவேற்காடு வீடுகளுக்கு

மடிக்கணினியின் பவர் பட்டனை அழுத்துகிறோம். விளக்கு எரிகிறது, உள்ளே ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் முதலில் வரும் பேச்சு, "போர்டு போயிடுச்சு." அதை ஏற்றுப் பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவை நிறைய உண்டு. மீஞ்சூர் தொடங்கிப் பழவேற்காட்டுக் குப்பங்கள் வரை இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். இங்கே வீசும் காற்றிலேயே ஒரு காரணம் கலந்திருக்கிறது.

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த அந்தக் கணினிகள், வீட்டில் அக்கா படித்து முடித்ததும் தம்பி கைக்குப் போய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன் சரியாகச் சோதித்துப் பார்ப்பது, அதில் படிக்கும் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றே: கணினி ஓடுகிறதா, திரை மட்டும் ஏமாற்றுகிறதா? விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி விழித்திருக்கிறது. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாகப் படமோ எழுத்தோ தெரிந்தால், திரை வேலை செய்கிறது, அதன் பின்விளக்கு மட்டும் எரியவில்லை. அடுத்து, வீட்டு எல்இடி டிவியில் ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகிப் பாருங்கள். டிவியில் படம் வந்துவிட்டால் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பழுது திரையிலோ, மூடியின் கீல் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய கேபிளிலோ இருக்கும். மூடியை மெதுவாக அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கேபிள்தான்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்து திரை மட்டும் கறுத்திருந்தால், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். திரைக்கான மென்பொருள் மறுபடி தொடங்கும். கறுப்புத் திரையில் அம்புக்குறி மட்டும் தெரிந்தால் அது மென்பொருள் கோளாறு, ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம்.

கேப்ஸ் லாக்கும் அசையவில்லை, டிவியிலும் ஒன்றும் வரவில்லை என்றால், உள்ளே தேங்கிய மின்சாரத்தை வடிக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பழைய மாடலில் அடியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளி பேட்டரியைக் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். கரண்ட் விட்டுவிட்டு வந்த நாளுக்கு மறுநாள் கணினி முரண்டு பிடித்தால் இது பல முறை பலிக்கும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட புது மாடல்களிலும் சார்ஜரை எடுத்துவிட்டுப் பட்டனை அப்படியே அழுத்திப் பிடிக்கலாம். பேட்டரி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ இதோடு நிறுத்திவிடுங்கள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது. தீப்பிடிக்கும்.

இனி உப்புக் காற்று. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் ஜாடிக் கல்லுப்பு கசிவதைப் போலத்தான். ஆனால் கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீத ஈரம் போதும். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பழவேற்காடு ஏரி என்று இருக்கும் லைட் ஹவுஸ் குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ காற்று அவ்வளவு வறண்டுபோகும் நாள் அரிது. கணினியின் ஃபேன் நாள் முழுக்க அந்தக் காற்றை உள்ளே இழுக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்கிறது. தூசியில் ஒட்டிய உப்பு ஈரமாகவே கிடந்து, செம்பு இருக்கும் இடமெல்லாம் பச்சை பூக்கிறது.

இது முதலில் வாட்டும் இடங்களில் ஒன்று ராம் (RAM) எனும் நினைவக அட்டை. அதன் விளிம்பில் இருக்கும் தங்க முலாம் மிக மெல்லியது. அதன் நுண்ணிய துளைகள் வழியே அரிப்பு ஏறிவிட்டால், ராம் இருந்தும் போர்டுக்கு அது தெரியாது. ராம் தெரியாவிட்டால் கணினி திரைக்குப் படம் அனுப்பும் கட்டத்துக்கே போகாது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை கறுத்தே இருக்கும். சில கணினிகள் இதைச் சொல்லவும் செய்யும். டெல்லில் பேட்டரி விளக்கும், ஹெச்பியில் கேப்ஸ் லாக் விளக்கும் ஒரு கணக்கில் சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ணிக் குறித்துக்கொண்டால், அந்தக் கம்பெனியின் வலைத்தளத்தில் பொருள் கிடைக்கும்.

சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ஏதாவது ஓர் இரும்புப் பொருளைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, அடிமூடியைத் திறங்கள். ராமின் இருபுறக் கொக்கிகளையும் விலக்கினால் அது தானாகச் சாய்ந்து எழும்பும். விளிம்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். அது இல்லாவிட்டால் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் ஆகவே ஆகாது, முலாமே போய்விடும். சாய்வாகச் செருகி, கொக்கி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மாட்டியபின் முதல் முறை திரை வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், அதற்குள் அணைத்துவிடாதீர்கள். மெல்லிய புது மாடல்கள் சிலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் இந்த வேலைக்கு வழியில்லை.

படகில் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் முறை வேறு. ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஈர உப்பின் மேல் மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை, தண்ணீர் வற்றினாலும் உப்பு அங்கேயே தங்கும். பேட்டரியை எடுத்துவிட்டு, போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

எதற்கும் அசையாவிட்டால் மின்சார ரயில் ஏறி, சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்கே போகலாம். போய் "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேப்ஸ் லாக் எரிந்ததா, டார்ச்சில் படம் தெரிந்ததா, டிவியில் வந்ததா, ராமைத் துடைத்துப் பார்த்தீர்களா என்று வரிசையாகச் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்தவரிடம் எடுத்த எடுப்பில் போர்டு விலை சொல்ல யாரும் தயங்குவார்கள். திரை கறுத்தாலும் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் புராஜெக்டும் சான்றிதழ் நகல்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கணினியைக் கொடுக்கும் முன் டிஸ்கைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் செருகினால், அன்று மாலையே கோப்புகளை எடுத்துவிடலாம்.