நாணயப் பிழையும் பாடபேதமும்

சென்ற ஆண்டு மாரிக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. கண்டிக் குளக்கரை வழியாக யான் வீடு திரும்பியபோது, என்னிடம் நன்னூற் பாடங் கேட்கும் மாணவன் ஒருவன் வாயிலிற் காத்து நின்றான். கையிலே துணியில் முடிந்த சிறுபொருள். அவிழ்த்துக் காட்டினான். தூண்டின் முள்ளைப் போல வளைந்த வெள்ளிக் கம்பி. அதன் தட்டையான பக்கங்களிலே ஏதோ எழுத்துக்களின் துண்டங்கள்.

"ஐயா, இது அப்பாச்சியின் பெட்டியில் இருந்தது. கடைக்காரர் இதைப் பிழைக்காசு என்கிறார். எழுத்து அரைவாசிதான் விழுந்திருக்கிறதாம். வெள்ளியின் நிறைக்கு மட்டும் விலை தருவாராம். நாளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டும். கொடுத்துவிடட்டுமா?"

அவனை இருக்கச் சொன்னேன். காசிலே பிழை என்று யாரேனும் கூறினால் யான் விரைந்து தலையசைப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சேது நாணயம் ஒன்றைப் பார்வைக்குத் தந்தார். காளையும் 'சேது' என்னுந் தமிழ்ச் சொல்லும் பொறித்த அச்செப்புக் காசுகளை அறிஞர் சிலர் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என எண்ணியிருந்தனர். அவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையன என்று நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920-இல் கட்டுரை வரைந்து நிறுவினார். நண்பர் தந்த காசிலே 'து'வை அடுத்து மற்றோர் எழுத்தின் வளைவு தெரிந்தது. யானோ அதனைப் புதிய சொல்லெனக் கொண்டு, இலக்கணமுங் கற்பித்து, இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு மணி நேரம் பேசிவிட்டேன்! கேட்டிருந்தோருள் நகை செய்யும் பத்தர் ஒருவர். கூட்டங் கலைந்தபின் அருகே வந்து, "பண்டிதர் ஐயா, காளையின்ரை முதுகையும் ஒருக்காப் பாருங்கோ" என்றார். பார்த்தேன். முதுகு இரண்டு; திமிலும் இரண்டு. எழுத்து எவ்வளவு விலகியிருந்ததோ அவ்வளவே, அதே திசையில், காளையும் விலகியிருந்தது. ஒரே அச்சு இருமுறை விழுந்திருக்கிறது. இரண்டு அடிகளுக்கும் இடையே காசு சற்று நகர்ந்திருக்கிறது. எழுத்தின் நிழலையன்றோ யான் எழுத்தாக வாசித்தேன்!

அதன்பின் அப்பத்தரே எனக்கு ஆசிரியரானார். பண்டைக் காலத்தில் கீழச்சைப் பட்டடையிற் பதித்து, அதன்மேல் உலோக வில்லையை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். வில்லை நடுவில் அமையாவிடின் உருவம் ஒருபுறம் ஒதுங்கும். அச்சிலே எழுத்தை இடம்வலமாக மாற்றி வெட்டவேண்டும். மறந்தால் காசிலே தலைகீழ்க் கோலம். அடித்த காசு மேலச்சிலே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் மேற்புறத்தில் அச்சுக்குப் பதிலாக அக்காசே பதியும். அப்பொழுது கீழ்ப்புறத்து உருவமே மேற்புறத்திலும் குழிவாக, மாறிய திசையில் விழும். இன்றைய பொறிகளிலும் இது நேர்வதுண்டு. இரண்டு காசுகளைச் சேர்த்து இடுக்கியில் நெரித்து அத்தகைய 'அதிசயம்' செய்வாரும் உளர். ஆனால் அங்கே பழைய உருவம் நசுங்கியபடி அடியிலே கிடந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஏடு பார்த்தவர்களுக்கு இவையெல்லாம் புதியன அல்ல. மூல ஏட்டிலுள்ள பிழை அதனைப் பார்த்தெழுதிய ஏடுகளிலெல்லாம் தொடரும். படியெடுத்தவன் கண்சோர்ந்த பிழை அவ்வோர் ஏட்டோடு நிற்கும். செல்லரித்த துளைக்கு இருவரும் பொறுப்பல்லர். அவ்வாறே அச்சின் பழுது அதிலடித்த காசுகள் பலவற்றிற் காணப்படும். அடியின் பழுது ஒரு காசிலே மட்டும். அச்சு வெடித்தால் அவ்வெடிப்பினுள் உலோகம் புகுவதனால் காசிலே மேடான கோடு எழும். கோடு பள்ளமாயிருந்தால் பெரும்பாலும் பின்னர் எவனோ கீறியது. இவ்வொன்றை அறிந்திருந்தாலே பாதி வழக்குத் தீரும்.

இனி மாணவனுடைய காசுக்கு வருவோம். இஃது 'லாரி' எனப்படுவது. பாரசீகத்து லார் நகரத்தாற் பெயர்பெற்றது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இந்து சமுத்திர வாணிகத்திற் பெரிதும் வழங்கியது. மாலைதீவிலே சிறுகாசுக்கு இன்றும் அப்பெயரே. வெள்ளிக் கம்பியை மடித்துத் தட்டி அச்சிடுவர். இலங்கையில் அதனைத் தூண்டிலாகவும் வளைத்தனர். அச்சு அகலமானது, கம்பி ஒடுங்கியது. ஆகவே முழுவாசகமும் எந்தக் கம்பியிலும் விழாது. பொலன்னறுவைப் பராக்கிரமபாகுவின் செப்புக் காசுகளிலும் வில்லை அச்சிலுஞ் சிறியதானமையால் எழுத்துச் சிதைந்தவை பல. சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்குவது போல அவற்றையும் அருகருகே வைத்துத்தான் முழுப்பெயரைக் கூட்டவேண்டும்.

எழுத்துக்களும் கோணலாயிருந்தன. அதற்குச் சான்று கூறுபவர் றொபேர்ட் நொக்ஸ். 1660-இற் சிறைப்பட்டு, இக்கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தையிலே நெடுங்காலம் வாழ்ந்து, 1679-இல் தப்பிச் சென்றவர். தூண்டில் வடிவான காசை அரசன் அனுமதியோடு யாரும் செய்யலாம், விரும்பிய குறியை இடலாம் என்று 1681-இல் வெளிவந்த தம் நூலிலே எழுதியிருக்கிறார். பாரசீக எழுத்தறியாத கொல்லன் கண்டபடி வெட்டிய அச்சு எழுத்தாகுமா? அக்காலத்தவர் எழுத்தை நம்பவில்லை; காசைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலிடுவர், தூய வெள்ளையாயிருந்தாற்றான் செல்லும்.

"அப்படியானால் இதிலே பிழையே இல்லையா, ஐயா?" என்றான் மாணவன். உருப்பெருக்குக் கண்ணாடியை அவனிடமே கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இங்கே ஓர் உளிவெட்டு எழுத்துக்கு மேலாகப் போகிறது. பள்ளமாக இருக்கிறது, ஆகவே அச்சடித்த பின்னர் வந்தது" என்றான். உள்ளும் வெள்ளிதானா என்று எக்காலத்திலோ ஒரு வணிகன் ஐயுற்று வெட்டிப் பார்த்த தழும்பு அது.

கட்டணப் பணத்தை யான் கடனாகக் கொடுத்தேன். காசு அப்பாச்சியின் பெட்டிக்கே திரும்பிற்று. கடைக்காரர் மறுவாரம் இருமுறை ஆள் அனுப்பி விசாரித்தாராம். யான் சேது நாணயத்தைப் பற்றிப் பேசிய பேச்சு நல்லவேளையாக அச்சேறவில்லை.